கோராவும் பாக்லமாவும் ஒரே மேடையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியின் பாக்லமாவும் மேற்கு ஆப்பிரிக்காவின் கோராவும் சேர்ந்து ஒலிக்கும் சிறு குழுக்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே, நண்பர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. முதல் இரண்டைப் படித்துவிட்டால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

கோரான்னா என்ன? பார்த்தா வீணை மாதிரியும் இருக்கு, யாழ் மாதிரியும் இருக்கு.

இரண்டு சாயலும் அதில் உண்டு. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, நடுவே நீண்ட மரத்தண்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். தந்திகள் 21. வழக்கமான அமைப்பில் இடப்பக்கம் 11, வலப்பக்கம் 10. குடத்தின் முகம் வாசிப்பவரைப் பார்த்திருக்கும். இரண்டு கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு, இரு கைகளின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டுமே மீட்டுவார்கள்.

இதில் மெட்டு, அதாவது கழுத்தில் விரலை அழுத்த உதவும் கட்டை, கிடையாது. யாழில் போல ஒரு தந்திக்கு ஒரு ஸ்வரம்தான். வாசிப்புக்கு நடுவே தந்தியை அழுத்தி ஸ்வரத்தை மாற்ற முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சுருதி பற்றிய கேள்வியில் இதுதான் முக்கியம். மாலி, செனகல், காம்பியா, கினி, கினி-பிசாவ் நாடுகளில் பரவியிருக்கும் மாண்டே மக்களின் கருவி இது.

பாக்லமா, சாஸ் ரெண்டும் ஒண்ணா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். பேரிக்காயைப் பிளந்தாற்போன்ற மரக்குடம், ஒல்லியான நீளக் கழுத்து, மூன்று தொகுதிகளாகப் பொதுவாக ஏழு உலோகத் தந்திகள். அனத்தோலிய கிராமத்துப் பாட்டு என்றாலே துருக்கியருக்கு இந்தக் கருவிதான் நினைவுக்கு வரும். சிறிய மீட்டுகோலால் வாசிப்பார்கள். வெறும் விரலால் தட்டியும் வருடியும் வாசிக்கும் 'ஷெல்பே' என்ற பழைய முறையும் உண்டு.

இதன் மெட்டுகள் கிடாரில் போலப் பதித்த கம்பிகள் அல்ல. கழுத்தைச் சுற்றிக் கட்டிய நைலான் நரம்புகள். விரலால் நெம்பினால் கொஞ்சம் நகரும். அந்த நரம்பு மீன்பிடி நரம்பேதான். கோராவுக்கு ஒரு காலத்தில் தோலை முறுக்கித் தந்தி போட்டார்கள், இப்போது அதற்கும் மீன்பிடி நரம்புதான். மாலியின் தலைநகர் பமாகோவில் தந்தி அறுந்தாலும் இஸ்தான்புல்லில் மெட்டு தளர்ந்தாலும் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போனால் போதும்.

துருக்கி எங்கே, மாலி எங்கே? இது பழைய காலத்திலிருந்தே வர்ற கலப்பா?

இல்லை. சிலர் மேடை அறிமுகத்தில் அப்படிச் சொல்வார்கள், நம்ப வேண்டாம். உஸ்மானியப் பேரரசு திரிப்போலி, துனிஸ், அல்ஜியர்ஸ் வரை ஆண்டது. சகாராவைத் தாண்டி மாண்டே நிலத்துக்கு அது போகவில்லை. தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1570களில் சாட் ஏரிப் பக்கத்துப் போர்னு அரசிலிருந்து சுல்தான் மூன்றாம் முராத்தின் அவைக்குத் தூதுவர்கள் போயிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1324-இல் மாலியின் மன்சா மூசா ஹஜ் பயணத்தில் கெய்ரோவில் தங்கியபோது அங்கே ஆண்டவர்கள் துருக்கிய வேர் கொண்ட மம்லூக்குகள். ஆனால் இவையெல்லாம் அரசியலும் வணிகமும் சம்பந்தப்பட்டவை. இதனால் ஒரு இசை மரபு பிறந்தது என்று காட்ட முடியாது.

உண்மையான சந்திப்பு நம் காலத்தில், பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களில் நடந்தது. 1961-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட பிறகு லட்சக்கணக்கான குடும்பங்கள் பாக்லமாவோடு அங்கே குடியேறின. மாலிக்காரர்களும் செனகல்காரர்களும் பிரான்சுக்குப் போனார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் வாசிப்பது இன்னொருவர் காதில் விழுந்தது. பழமை இல்லை என்பதற்காக இதை மட்டமாக நினைக்கத் தேவையில்லை.

துருக்கியிலேயே ஆப்பிரிக்க வம்சாவளியினர் இருக்காங்களாமே, அவங்க இசைதான் இதா?

இருக்கிறார்கள். ஏஜியன் கரையில் இஸ்மிர், அய்தின், முலா மாகாணங்களில் ஆப்ரோ-துருக்கியர் வாழ்கிறார்கள். உஸ்மானியர் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். இஸ்மிரில் அவர்கள் கொண்டாடிவந்த 'தானா பைராமி' என்ற கன்றுத் திருவிழா நின்றுபோயிருந்தது. முஸ்தஃபா ஓல்பாக் 2006-இல் தொடங்கிய அமைப்பு அதை மறுவருடமே மீட்டெடுத்தது.

ஆனால் அவர்களின் முன்னோர் பலர் சூடான், கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். கோரா அவர்கள் கருவி அல்ல. துருக்கியில் ஆப்பிரிக்க முகம் என்றதும் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடக் கூடாது. அவர்களின் கதையைத் தனியாகவே சொல்ல வேண்டும்.

இதை முதல்ல யார் ஆரம்பிச்சாங்க?

இவர்தான் முதல் ஆள் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. முக்கியமான ஒரு தடம் ஸ்வீடனில் இருக்கிறது. அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் டான் செர்ரி 1960களின் இறுதியில் அங்கே வாழ்ந்தபோது, துருக்கிய ட்ரம்பெட் கலைஞர் மாஃபி ஃபாலே, தாளக் கலைஞர் ஓகாய் தெமிஸ் ஆகியோரோடு நெருங்கினார். 1969-இல் அங்காராவில் துருக்கிய இசைஞர்களோடு வாசித்தார். பின்னாளில் மாலி வேட்டைக்காரர்களின் தோன்ஸோ ன்கோனி என்ற கருவியைக் கையிலெடுத்துக் கடைசிவரை வாசித்தார். ஜாஸ் வழியாகத் திறந்த கதவு அது.

கோராவின் பக்கமிருந்து பார்த்தால் துமானி தியாபத்தேயைச் சொல்ல வேண்டும். 1988-இலேயே ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ குழுவான கெட்டாமாவோடு சேர்ந்து ஆல்பம் செய்தவர். தன் மரபை விடாமல் வெளியாரோடு வாசிக்க முடியும் என்று அடுத்த தலைமுறைக்கு அவர் காட்டினார். 2024 ஜூலையில் பமாகோவில் காலமானார்.

ஏன் எப்பவும் மூணு பேர், நாலு பேர்தான் இருக்காங்க?

பணப் பிரச்சினையும் ஒரு காரணம்தான். ஆனால் ஒலியே அப்படிக் கேட்கிறது. கோராவும் பாக்லமாவும் மெல்லொலிக் கருவிகள், வீட்டு முற்றத்திலும் விருந்தினர் அறையிலும் வளர்ந்தவை. கோரா வாசிப்பவரின் கட்டைவிரல்கள் அடித்தளத்தையும் சுழலும் மெட்டையும் பார்த்துக்கொள்கின்றன, ஆள்காட்டி விரல்கள் மேலே கோலம் போடுகின்றன. ஒருவரே மூவர் வேலையைச் செய்வதால் பேஸ் கிடார் தேவையில்லை. பாக்லமாவின் திறந்த தந்திகள் தாமே சுருதி போட்டுக்கொள்கின்றன, தம்பூரா மாதிரி ஒன்றும் வேண்டாம். இதோடு ஒரு தாளக்காரர், ஒரு பாடகர் அல்லது நாணல் குழலான 'நே' வாசிப்பவர் இருந்தால் நிறைந்துவிடும். ஐந்தாவது ஆள் வந்தாலே யாரோ ஒருவர் சும்மா இருக்க வேண்டியிருக்கும்.

ஜெம்பே இல்லாம ஆப்பிரிக்க இசையா?

ஜெம்பே திறந்தவெளியில் நடனக்காரர்களுக்காக அடிக்கும் முரசு. மூடிய அறையில் பாக்லமாவுக்குப் பக்கத்தில் அதை முழு வேகத்தில் அடித்தால் பாக்லமா கேட்கவே கேட்காது. நல்ல குழுக்கள் சுரைக்குடுக்கையைக் கவிழ்த்துக் கையாலும் மோதிரம் போட்ட விரலாலும் தட்டுகின்றன. துருக்கியப் பக்கம் என்றால் பெரிய சட்டப் பறையான பெந்திர். இரண்டுக்கும் அடி கனமாக, ஆனால் மிருதுவாக விழும். கோராவின் கீழ்த்தந்திகளோடு மோதாது. மேற்கு ஆப்பிரிக்கா என்றாலே முரசுதான் என்ற எண்ணத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள். அங்கே தந்தி மரபு மிகப் பெரியது.

மகாம்னா நம்ம ராகம்தானே?

துருக்கிய மகாமுக்கும் நம் ராகத்துக்கும் நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆரோகண அவரோகணம் மட்டும் போதாது. எந்த ஸ்வரத்தில் தொடங்கி, எங்கே தங்கி, எப்படி இறங்கி முடிப்பது என்ற நடை இருந்தால்தான் மகாம். ஹிஜாஸ் மகாமின் கீழ்ப்பாதி நம் காதுக்கு மாயாமாளவகௌளையின் ஸ ரி க ம போலவே விழும். ஆனால் கமகம் நம்முடையது போல இல்லை. ஸ்வரங்களின் இடைவெளிக் கணக்கும் வேறு. ஒரு முழு ஸ்வர இடைவெளியை ஒன்பது 'கோமா'வாகப் பிரிக்கிறார்கள். ஒரு ஸ்தாயிக்கு 53 கோமா. அத்தனையையும் வாசிப்பதில்லை, ஆனால் ஒரு ஸ்வரம் ஒரு கோமா இறங்கியதா இரண்டு இறங்கியதா என்பதில் மகாமின் முகமே மாறிவிடும்.

அப்போ கோராவோட சுருதி எப்படி ஒத்துப்போகும்? அதுல அழுத்தவே முடியாதுன்னு சொன்னீங்களே.

எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் இதுதான். கோராவுக்கு ஒரு ஸ்தாயியில் ஏழே ஸ்வரம். தொமோரா, சௌதா, ஹார்தினோ என்று மரபான சுருதி முறைகள் சில உண்டு. ஒன்றைச் சேர்த்துவிட்டால் அந்தப் பாட்டு முடியும்வரை அதுதான். எனவே எந்த மகாமை எடுப்பது என்பது கோராவைக் கேட்டுத்தான் முடிவாகும்.

ஒரு உதாரணம். கோரா எஃப் மேஜரில் சேர்க்கப்பட்டிருக்கிறது, அதாவது நம் கணக்கில் சங்கராபரணம். பாக்லமாக்காரர் தன் ஆதார ஸ்வரத்தை அதன் 'ஏ'வில் வைத்தால் ஏ, பி ஃப்ளாட், சி, டி என்று வரும். அது கிட்டத்தட்ட குர்தி மகாம், யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதனால்தான் புதிதாகச் சேரும் குழுக்கள் பெரும்பாலும் இந்தப் பக்கமே போகின்றன.

அடுத்து ஹுசைனி. அனத்தோலிய நாட்டுப்பாடலின் உயிர் என்றே அதைச் சொல்லலாம். ஆதாரத்தை 'ஜி'யில் வைத்தால் அடுத்த ஸ்வரமான 'ஏ' ஒன்றிரண்டு கோமா இறங்க வேண்டும். வழக்கமான அமைப்பில் கோராவில் 'ஏ' தந்திகள் மூன்று. அந்த மூன்றையும் ஒரு மயிரிழை தளர்த்த வேண்டும். தோல்வளையத்தால் இறுக்கிய பழைய கோராவில் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முறுக்காணி வைத்த புதிய கோராவில் ஒரு நிமிடத்தில் முடியும். இன்னொரு வழி, பாக்லமாக்காரர் தன் மெட்டை மேலே நகர்த்தி கோராவின் 'ஏ'வுக்கு வருவது. சுருதி சேரும், ஹுசைனியின் அந்த ஏக்கம் போய்விடும். எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கிறது என்று கேட்டாலே குழுவின் தரம் தெரிந்துவிடும். என் ஆசை, இரண்டு பக்கமும் பாதிப் பாதி வர வேண்டும். கோரா கொஞ்சம் இறங்கி, மெட்டு கொஞ்சம் ஏறி, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்வரம் பிறக்கும்போது அது எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, ஆனால் இரண்டு ஊருக்கும் அந்நியமில்லாத ஒலி.

பலாஃபோனை ஏன் சேர்க்கறதில்ல?

மரக்கட்டைகளுக்கு அடியில் சுரைக்காய்களைத் தொங்கவிட்ட அந்த அருமையான கருவியைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மரபான மாண்டே பலாஃபோன் ஒரு ஸ்தாயியை ஏறக்குறைய ஏழு சம பங்காகப் பிரிக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன கோமாக் கணக்கோடு அது பெரும்பாலான இடங்களில் உரசும். கோராவைத் தளர்த்தலாம், மரக்கட்டையைச் செதுக்கித்தான் மாற்ற வேண்டும். மேற்கத்திய சுருதிக்குச் செதுக்கிய பலாஃபோன்கள் இப்போது கிடைக்கின்றன, அவற்றை வைத்து வாசித்தால் பாதிச் சுவைதான்.

தாளம் எப்படி சேருது? துருக்கித் தாளம் நொண்டுற மாதிரி இருக்கே.

அந்தத் தாளங்களுக்கு 'அக்சக்' என்று பெயர். ஒன்பது எண்ணிக்கையை 2+2+2+3 என்று அடிப்பார்கள். சங்கீர்ண சாப்பு பழகியவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. ஐந்து, ஏழு எண்ணிக்கைகளும் நிறைய உண்டு. மாண்டே இசையில் நான்கும் பன்னிரண்டும்தான் அதிகம். பன்னிரண்டில் ஒருவர் மூன்று மூன்றாகவும் இன்னொருவர் இரண்டிரண்டாகவும் எண்ணிக்கொண்டே போவார்கள். எது தாளத்தின் தலை என்று கேட்பவருக்கே மயங்கும், அதுதான் இன்பம்.

சேர்க்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஒன்பதோடு இன்னொரு மூன்றைச் சேர்த்தால் 2+2+2+3+3, பன்னிரண்டு. கோரா தன் பழைய சுழற்சியிலேயே போகும். பாக்லமா தன் ஒன்பதை வாசித்துவிட்டு, கடைசி மூன்றில் ஒரு மூச்சு விட்டு மறுபடி வந்து சேரும். காதுக்கு இரண்டு மரபும் அப்படியே இருக்கும். இன்னொரு வழி, கோரா முழுதாக ஒன்பதுக்கு மாறுவது. முடியும், ஆனால் கோரா வாசிப்பவரின் கட்டைவிரலுக்குச் சிறுவயதிலிருந்து ஏறிய பழக்கத்தை உடைக்க வேண்டும். மாதக்கணக்கில் சாதகம் கேட்கும். அவசரமாகச் செய்த பதிவுகளில் கோரா எண்ணிக்கொண்டே வாசிப்பது கேட்டுவிடும்.

மூன்றாவது வழி, தாளமே வேண்டாம் என்பது. துருக்கியில் 'உசுன் ஹவா' என்று தாளக்கட்டு இல்லாத நெடும்பாட்டு உண்டு. கோராவிலும் 'பிரிமிந்திங்கோ' என்று அருவி போல இறங்கும் ஓட்டங்கள் உண்டு. பாடகர் ஒரு வரியை இழுத்து நிறுத்தும் இடைவெளியில் கோரா இறங்கிவந்து நின்றால், முன்பே பேசிவைத்தது போல இருக்கும்.

ஒரு உருப்படி எப்படிப் போகும்? எதைக் கவனிக்கணும்?

பெரும்பாலும் பாக்லமா தனியாகத் தொடங்கும். மகாமை விரித்துக் காட்டும் தாளமில்லாத பகுதி அது. அந்த நேரம் கோராக்காரரின் கைகளைப் பாருங்கள். சும்மா இருப்பது போலத் தெரியும், ஆனால் ஏதோ ஒரு தந்தியை மெல்லச் சுண்டி, முறுக்காணியைக் கால் திருகு திருகிக்கொண்டிருப்பார். மேலே சொன்ன 'ஏ' தந்தி விவகாரம்தான். பிறகு கோரா 'கும்பெங்கோ' என்ற சுழல் மெட்டைத் தொடங்கும். நாலைந்து ஸ்வரங்கள்தான், திரும்பத் திரும்ப வரும். முதலில் அலுப்பாக இருக்கலாம். இரண்டு நிமிடம் பொறுத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுவது பிடிபடும்.

தாளக்காரர் இதற்குப் பிறகுதான் நுழைவார். பாட்டு வந்ததும் கருவிகள் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு மரபிலும் சொல்லுக்குத்தான் முதல் மரியாதை.

கிரியோ, ஆஷிக் ரெண்டு பேரும் ஒரே மாதிரியான பாணர்கள்தானே?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றும். கிரியோ, மாண்டே மொழியில் ஜெலி, பிறப்பால் வருபவர். தியாபத்தே, குயாத்தே, சிசோக்கோ, சூசோ என்ற குடும்பப் பெயர்களைக் கேட்டாலே ஊருக்குத் தெரியும். குலவரலாறு சொல்வதும் புகழ் பாடுவதும் சண்டையைத் தீர்த்து வைப்பதும் அவர்கள் பொறுப்பு. பாட்டு ஒருவரின் வீரத்தையோ வள்ளன்மையையோ சுமந்திருக்கும்.

துருக்கியின் ஆஷிக் அப்படியல்ல. குரு-சீட முறையில் யாரும் ஆகலாம். கனவில் ஒரு பெரியவர் கையால் பானம் அருந்திக் கவிதை வரம் பெற்றதாகப் பல ஆஷிக்குகளின் கதையில் வரும். பாடுவது தன் காதல், தன் துயரம், தன் தேடல், சில நேரம் அதிகாரத்தின் மீது கோபம். கடைசிச் செய்யுளில் தன் பெயரை முத்திரையாக வைப்பார். சிவாஸ் மாகாணத்துக் கிராமத்தில் 1894-இல் பிறந்து, அம்மையில் ஏழு வயதிலேயே பார்வை இழந்து, 1973 வரை பாடிய ஆஷிக் வெய்செலை இன்றும் துருக்கி மொத்தமும் பாடுகிறது. ஒருவர் பிறரின் புகழைக் காப்பவர், இன்னொருவர் தன் மனதைத் திறப்பவர். ஒரே பாட்டில் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இது சூஃபி இசையா?

சுவரொட்டியில் அப்படித்தான் போடுவார்கள், டிக்கெட் விற்கும். உண்மையில் பாக்லமா துருக்கியின் அலெவி சமயப் பிரிவினரின் 'ஜெம்' வழிபாட்டின் மையம். 'நே' மெவ்லெவி என்ற சூஃபி மரபோடு சேர்ந்தது. செனகலிலும் முரிதியா, திஜானியா என்ற சூஃபி வழிகள் மிக வலுவானவை. ஆனால் கோரா அரசவைக்கும் குடும்பங்களுக்கும் பாடியது, வழிபாட்டுக் கருவி அல்ல. சில பாடல்கள் பக்திப்பாடல்கள், பல அப்படியல்ல. பாட்டுக்குப் பாட்டு பார்த்துச் சொல்லுங்கள்.

பெண்கள் வாசிக்கிறாங்களா?

மாண்டே மரபில் பெண்கள் பாடுவார்கள், இரும்புக் குழலைத் தட்டித் தாளம் போடுவார்கள். கோரா ஆண்கள் கையில்தான் இருந்தது. காம்பிய கிரியோ குடும்பத்தைச் சேர்ந்த சோனா ஜோபார்த்தே அதைத் தொழில்முறையாக வாசித்து அந்த வழக்கத்தை உடைத்தார். துருக்கியில் பாக்லமா வாசிக்கும் பெண்கள் நிறைய பேர், குறிப்பாக அலெவி குடும்பங்களில்.

ஒருத்தர் மரபை இன்னொருத்தர் எடுத்து விக்கறதுதானே இது?

அப்படி நடப்பதுண்டு, அதனால் கேள்வி நியாயமானது. கோரா உருப்படிகள் பல ஒரு மனிதருக்குச் சொந்தமானவை. முதலில் கற்றுத்தரப்படும் 'கெலெஃபாபா' மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய காபு அரசின் வீரன் கெலெஃபா சானேயின் பாட்டு. அதை வெறும் பின்னணி மெட்டாக வைத்து மேலே துருக்கிப் பாடலை ஓட்டி, ஆல்பத்தில் 'மரபு மெட்டு' என்று மட்டும் போட்டால் அது சரியில்லை. யாருடைய பாட்டு, யாரிடம் கற்றது என்று சொல்வது குறைந்தபட்ச மரியாதை. வருமானத்தைச் சமமாகப் பிரிப்பது அடுத்தது. இசைத்தட்டின் அட்டையில் யார் பெயர் பெரிதாக, யார் பெயர் 'உடன்' என்று சின்னதாக இருக்கிறது என்று பாருங்கள், பல விஷயம் புரியும்.

நல்ல கலப்பு எது, ஒப்புக்குச் சேர்த்தது எது? எப்படிக் கண்டுபிடிக்கறது?

அடியில் கீபோர்டு நீளமாக ஒலித்துக்கொண்டே இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கீபோர்டு இருவரையும் பியானோ சுருதிக்கு இழுத்துவிடும். அதன் பிறகு கோமாவும் கிடையாது, கோராவின் சொந்தச் சுருதியும் கிடையாது. இருவரும் மாறிமாறித் தனி வாசித்துக் கைதட்டு வாங்குவதும் கலப்பு ஆகாது. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். நிறுத்தும் இடம் தெரிந்தவர்கள்தான் சேர்ந்து வாசிக்கத் தெரிந்தவர்கள்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். பாக்லமாவுக்கு நெஷெத் எர்தாஷ், கோராவுக்கு துமானியும் பல்லாக்கே சிசோக்கோவும். பிறகு ஒரு பாலம் இருக்கிறது. வில்லால் வாசிக்கும் கமான்சே என்ற கருவியின் ஈரானியக் கலைஞர் கைஹான் கல்ஹோர் 2006-இல் பாக்லமா கலைஞர் எர்தால் எர்சின்ஜானோடு ஒரு ஆல்பம் வெளியிட்டார். துமானி தியாபத்தேயோடு அவர் வாசித்த ஆல்பம் 2023-இல் வந்தது. ஒரே வில் இரண்டு உலகங்களோடும் பேசுவதை இந்த இரண்டில் அடுத்தடுத்துக் கேட்கலாம். கனடாவின் மொந்திரியால் நகரத்து 'கான்ஸ்டான்டினோபிள்' குழு செனகலின் அப்லாயே சிசோக்கோவோடு 2019-இல் செய்த ஆல்பமும் உண்டு. பெயரில் பழைய இஸ்தான்புல் இருந்தாலும், குழுவை நடத்தும் கியா தபாசியான் வாசிப்பது பாரசீக சேதார். அதுவும் கழுத்தில் கட்டிய மெட்டுகளைக் கொண்ட கருவிதான். கோராவும் அப்படியொரு கருவியும் எப்படி ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான பதிவு என் கையில் இல்லை.

கோராவை மகாமுக்காகவே சுருதி மாத்திட்டா, அது கோராவா இருக்குமா?

கிரியோ குடும்பங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. என் பதில்: இருக்கும், ஆனால் ஒரு பாட்டுக்கு மட்டும். ஹிஜாஸுக்காக மூன்று 'சி' தந்திகளையும் அரை ஸ்வரம் ஏற்றலாம். ஏற்றினால் கும்பெங்கோவின் பாதி விரல் நகர்வுகள் வேறு ஒலி தரும், கோராக்காரர் தன் பழைய உருப்படி எதையும் அதில் வாசிக்க முடியாது. ஒரு கச்சேரி முழுக்க அப்படியே இருந்தால் அவர் வெறும் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறார். அதனால் ஒழுங்கான குழுக்கள் நிரலை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒரு பாதி கோராவின் சுருதியில், மறுபாதி மகாமின் சுருதியில், நடுவே சுருதி மாற்ற ஐந்து நிமிட இடைவேளை. சிலர் இரண்டு கோராவைக் கொண்டுவந்துவிடுகிறார்கள், விமானத்தில் எடுத்துப்போகத்தான் சிரமம்.